பெயர் எங்கே?

நாய்க்குப் பெயர் உண்டு. குதிரைக்குப் பெயர் உண்டு. கடல் கடந்து சென்று களத்திலே மாண்ட மனிதனுக்கு மட்டும் பெயர் இல்லை!

அடுக்குமொழிக்காகச் சொன்னதல்ல இது, தோழர்களே! கல்லிலே எழுதப்பட்டிருக்கும் கணக்கு. அந்தக் கற்களிலே ஒன்று நம் தமிழ் மண்ணிலே நடப்பட்டது; மற்றொன்று ஈராக் நாட்டுப் பாலை மணலிலே நிற்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள். யார் நாகரிகம் உடையவர், யார் நாகரிகம் பேசியவர் என்பது தானே விளங்கும்.

செஞ்சிக்கு வடக்கே, தேசூருக்கு அருகிலே, சீயமங்கலம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே குன்றைக் குடைந்து கோயில் கண்டான் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன். அதற்கு அவன் இட்ட பெயர் அவனிபாஜன பல்லவேச்சுரம். அவனிபாஜனன் என்பது அவனுடைய விருதுப் பெயர்களிலே ஒன்று. லளிதாங்குரன் என்பது இன்னொன்று. வடமொழியிலே, கிரந்த எழுத்திலே, தூணிலே வெட்டி வைத்தான். ஏறத்தாழ 1400 ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. பல்லவர் போயினர், சோழர் போயினர், நாயக்கர் போயினர், நவாப் போயினர். மன்னன் பெயர் மட்டும் மலையிலே இருக்கிறது.

இதிலே வியப்பு ஏது? மலை அவனுடையது. உளி அவனுடையது. உளி பிடித்த கையும் அவன் ஆணைக்கு அடங்கியது. ஆண்டவன் பெயர் நிலைப்பதற்கு அதிகாரம் போதும், அறம் தேவையில்லை.

வியப்பு வேறிடத்திலே இருக்கிறது. அதே மகேந்திரன் ஆட்சி. இன்று சீயமங்கலம் அமைந்துள்ள அதே திருவண்ணாமலை மாவட்டத்திலே எடுத்தனூர் என்னும் ஊர். மகேந்திரனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டிலே, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, அங்கே ஒரு நடுகல் எழுந்தது. மன்னனுக்காக எழுந்ததல்ல. பொற்றொக்கையார் என்னும் தலைவரிடம் இளமகனாக, ஏவல் வீரனாக இருந்த ஒருவனுக்காக எழுந்தது. எருமைகளைக் காத்து நின்று போரிட்டு வீழ்ந்தான் அவன். கருந்தேவக்கத்தி என்று அவன் பெயர் கல்லிலே இருக்கிறது. உருவமும் இருக்கிறது. அவன் அருகிலே ஒரு நாயின் உருவமும் இருக்கிறது. தலைவன் வீழ்ந்த பிறகும் அகலாது, கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற நாய் அது. அந்த நாயின் பெயரையும் எழுதினார்கள் நம் முன்னோர். கோவிவன் என்பது அதன் பெயர்!

எண்ணிப் பாருங்கள். மன்னன் கோயிலிலே மன்னன் பெயர் வடமொழியிலே. ஊரார் கல்லிலே ஊர்க்காவலன் பெயர் தமிழிலே, வட்டெழுத்திலே. மாடு மேய்க்கும் வெளியிலே மாண்ட எளியவனுக்குக் கல் நட்டது மட்டுமல்ல. அவனோடு நின்ற வாயில்லாச் சீவனுக்கும் நன்றி மறவாது பெயர் பொறித்த சமுதாயம் அது.

அதற்கு ஒரு முறையே வகுத்து வைத்திருந்தான் தமிழன். தகுந்த கல்லைத் தேடிக் காண்பது, அதைத் தேர்ந்து கொள்வது, நீராட்டுவது, நடுவது, பெயரும் புகழும் பொறித்துப் படையலிடுவது, பின் வாழ்த்துவது என்று ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. மன்னனுக்கு மட்டும் என்று அங்கே வரையறை இல்லை. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிலே 2006-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட, தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களிலே ஒன்று, ஆநிரைப் போரிலே வீழ்ந்தவனுக்கு உரியது. சிலப்பதிகாரமும் சிற்பக் கோயில்களும் தோன்றுமுன்னரே, செத்தவன் பெயரைக் கல்லிலே எழுதக் கற்றிருந்தது இந்த மண்.

ஆனால், தோழர்களே, கல் நட்டால் மட்டும் போதாது. கல்லைப் படிப்பவன் வேண்டும். எழுத்து மாறிற்று. வட்டெழுத்துப் படிக்கத் தெரிந்த தலைமுறை மறைந்தது. செங்கம், தருமபுரிப் பகுதிகளிலே நடுகற்கள் பல வேடியப்பன் ஆயின. பொங்கல் வைத்தார்கள், பூசை போட்டார்கள். கும்பிட்டார்கள், ஆனால் யாரைக் கும்பிடுகிறோம் என்பது தெரியாது கும்பிட்டார்கள். தெய்வம் என்று உயர்த்தினார்கள். அந்த உயர்விலேயே மனிதன் மறைந்து போனான்!

அவனை மீட்டது யார்? மந்திரமா? இல்லை. படிப்பு! தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அறிஞர்கள் வயல் வயலாக, வரப்பு வரப்பாக நடந்தார்கள். கல்லைக் கழுவினார்கள், படியெடுத்தார்கள், எழுத்தைக் கூட்டிப் படித்தார்கள். 1972-ஆம் ஆண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என்று நூலாகவே வந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அடையாளம் இழந்து கிடந்தவர்கள், பெயரோடும் ஊரோடும் எழுந்து வந்தார்கள். காலம் கடந்துவிட்டதே, இனி எப்படி என்று கேட்போருக்கு அதுவே விடை.

இனி, செஞ்சிக்கு வாருங்கள். 2025-ஆம் ஆண்டு ஜூலையிலே, மராட்டியர் படைத்துறை நிலத்தோற்றங்கள் என்னும் வரிசையிலே, செஞ்சிக் கோட்டையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஐ.நா. பண்பாட்டு அமைப்பினால் ஏற்கப்பட்டது. மகிழ்ச்சி! மலைமேல் மதில் கட்டிய கைகளுக்கு உலகம் தந்த மரியாதை அது. அந்தச் செஞ்சியிலே 1714-ஆம் ஆண்டு, ஆர்க்காட்டு நவாப் சாததுல்லா கானின் பெரும்படையை எதிர்த்துச் சிறுபடையோடு பாய்ந்து மாண்டான் இளைஞன் தேசிங்கு. அவனோடு மாண்டான் அவன் உயிர்த்தோழன் மகபத்கான். ஒருவன் இந்து, ஒருவன் இசுலாமியன். இருவரும் ஒரே களத்திலே வீழ்ந்தார்கள். நாட்டுப்புறத்துக் கதைப்பாட்டு அவனை மோவுத்துக்காரன் என்று கொஞ்சு தமிழிலே அழைத்தது. தேசிங்கு ஏறிய குதிரை பாராசாரி. தோழன் ஏறிய குதிரை நீலவேணி. குதிரைகளின் பெயரையும் மறக்கவில்லை நம் மக்கள்!

ஆயினும் அவர்கள் பின்னே சென்று மாண்ட படையாட்கள்? 1750-இல் பிரெஞ்சுக்காரர் செஞ்சியைப் பிடித்தபோது மதிலின் இருபுறமும் வீழ்ந்தவர்கள்? 1760 ஜனவரி 22-இல், சீயமங்கலத்துக்கு அண்மையிலுள்ள வந்தவாசியிலே, ஆங்கிலேயனும் பிரெஞ்சுக்காரனும் இந்தியா யாருக்கு என்று சண்டையிட்டபோது, இரு பக்கமும் துப்பாக்கி தூக்கி நின்ற நம் நாட்டுச் சிப்பாய்கள்? கூட் என்று படிக்கிறோம், லாலி என்று படிக்கிறோம். வென்றவன் பெயரும் வெள்ளையன் பெயர், தோற்றவன் பெயரும் வெள்ளையன் பெயர். செத்தவன் மட்டும் நம்மவன். அவனுக்குச் சிப்பாய் என்பதைத் தவிரப் பெயர் கிடையாது.

அங்கே தொடங்கிய வழக்கம் எங்கே போய் முடிந்தது தெரியுமா? பாஸ்ராவிலே!

1914-இல் மூண்ட முதல் உலகப் போரிலே இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்றவர்கள் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். ஏறத்தாழ 74,000 பேர் திரும்பவில்லை. சென்னை மாகாணத்து மக்கள் போர்க்குடியினர் அல்லர் என்று, அதற்கு முன்னரே ஆங்கிலத் தளபதிகள் முத்திரை குத்தி, நம்மவர் படைகளைக் குறைத்து வந்தனர். ஆனால் குண்டுக்கு மார்பு தேவைப்பட்டபோது போர்க்குடிச் சாத்திரம் மூட்டை கட்டி வைக்கப்பட்டது. கர்நாடகக் காலாட்படைகள் சென்றன. ஆதிதிராவிடத் தோழர்கள் பெருமளவிலே இடம்பெற்றிருந்த சென்னை சாப்பர்ஸ் படை சென்றது. மெசபொடேமியாவிலே 1917-இல் டைகிரிஸ் ஆற்றைக் கடந்து படை பாக்தாதை நோக்கி முன்னேறப் பாலமும் படகும் அமைத்தவர்களிலே அவர்களும் உண்டு.

மாண்டவர்களை நினைவுகூர 1917-இல் ஒரு போர்க்கல்லறை ஆணையம் அமைத்தது பிரிட்டிஷ் பேரரசு. அதன் கொள்கை மிக உயர்ந்தது: மாண்ட ஒவ்வொருவருக்கும் பெயர் பொறிக்கப்படும், பதவி பாரோம், இனம் பாரோம், சமயம் பாரோம்! கேட்கக் கேட்கக் காதிலே தேன் பாய்கிறதல்லவா?

1929-இல் பாஸ்ராவிலே எழுந்தது நினைவகம். மெசபொடேமியக் களத்திலே கல்லறையின்றி மறைந்த 40,000 பேருக்கு மேற்பட்டோருக்கானது. ஆங்கில அதிகாரிக்குப் பெயர் பொறித்தார்கள். ஆங்கிலச் சிப்பாய்க்கும் பொறித்தார்கள். இந்திய அதிகாரிக்குங்கூடப் பொறித்தார்கள். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண இந்தியச் சிப்பாய்க்கோ, படைப்பிரிவின் பெயரை எழுதி, அதன் கீழே, இத்தனை பேர் என்று ஓர் எண்ணை வெட்டினார்கள்!

நாடகக்காரன் நான், என் மனக்கண் முன்னே எழும் ஒரு காட்சியைச் சொல்கிறேன். மேடையிலே இருவர். ஒருத்தி சீயமங்கலத்துத் தாய். மற்றவர் கோப்பைக் கக்கத்திலே இடுக்கிய சர்க்கார் குமாஸ்தா.

“ஐயா, என் மகனைப் பற்றி ஏதாவது தகவல்...?”

“வந்திருக்கிறது அம்மா. பாஸ்ராவிலே பெரிய சுவர் எழுப்பியிருக்கிறார்கள்.”

“அவன் பெயரை எழுதியிருக்கிறார்களா ஐயா?”

“பெயர் இல்லை அம்மா. எண் இருக்கிறது.”

“அவனுடைய எண்ணா?”

“அவனுடையது என்று சொல்ல முடியாது. அவனோடு மாண்ட எல்லோருக்கும் சேர்த்து ஓர் எண்.”

“அந்த எண்ணிலே என் மகன் எது ஐயா?”

திரை விழட்டும், தோழர்களே. குமாஸ்தாவுக்கு விடை தெரியாது. பேரரசுக்கும் தெரியாது!

இடமில்லாததால் எழுதவில்லை என்பரோ? பிரான்சு நாட்டு நெவ் சாப்பலிலே, 1927-இல் திறக்கப்பட்ட நினைவகத்திலே, 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர் பெயர்களை எழுதினார்களே! ஐரோப்பாவிலே மாண்டால் பெயர். ஆசியாவிலே மாண்டால் எண்! ஆட்கள் மிகுதி என்பரோ? இரண்டாம் உலகப் போருக்குப் பின், பர்மாவின் ரங்கூன் நினைவகத்திலே ஏறத்தாழ 27,000 பெயர்களை எழுதினார்களே. அவற்றிலே மிகப் பல இந்தியப் பெயர்கள் அல்லவா? கல்லுக்குப் பஞ்சமில்லை. உளிக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் வந்தது மனத்திலே!

இது நம்முடைய குற்றச்சாட்டு மட்டுமன்று. அந்த ஆணையமே அமைத்த குழு 2021 ஏப்ரலிலே அறிக்கை வெளியிட்டது. 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. மேலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லியோ அல்லது அறவேயோ நினைவுகூரப்படவில்லை. இவர்களிலே பெரும்பாலோர் ஆப்பிரிக்கரும் இந்தியரும் எகிப்தியரும் ஆவர். அக்கால ஏகாதிபத்திய நிறவெறி மனப்பான்மையே இதற்கு அடிப்படை என்று ஒப்புக்கொண்டது. பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்திலே மன்னிப்புக் கேட்டார். நூறாண்டு கழித்துக் கேட்ட மன்னிப்பு. கேட்க வேண்டிய தாய்மார் எவரும் அன்று உயிரோடு இல்லை.

கடல் கடந்து போவானேன்? தமிழ்நாட்டு ஊர்கள் சிலவற்றிலேயே, பழைய கட்டடச் சுவர்களிலே, ஒரு சலவைக்கல்லைக் காணலாம். இவ்வூரிலிருந்து 1914 முதல் 1919 வரை நடைபெற்ற பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர். அவர்களிலே இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று அதிலே எழுதியிருக்கும். சொந்த ஊரிலே, சொந்தத் தெருவிலே, சொந்தக்காரர்கள் நடுவிலே வைத்த கல்லிலும் எண்தான்! எடுத்தனூர்க் கல்லை நட்டவன் எழுத்தறிவித்தது இதற்குத்தானா?

எண்ணாவது கிடைத்தது சிலருக்கு. எண்ணும் கிடைக்காதவர்களும் உண்டு. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்திலே மலேயாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர் திரளாகச் சேர்ந்தனர். இரப்பர்ப் பாலெடுத்த கை துப்பாக்கி எடுத்தது. 1944-இல் பர்மா, இம்பால் முனைகளிலே காட்டிலும் மழையிலும் மாண்டனர். அவர்கள் நினைவாக 1945 ஜூலை 8-இல் சிங்கப்பூர்க் கடற்கரையிலே நேதாஜி அடிக்கல் நாட்டினார். செப்டம்பரிலே திரும்பி வந்த ஆங்கிலேயர் அந்த நினைவுச் சின்னத்தை இடித்துத் தள்ளினர். ஐம்பதாண்டு கழித்து, 1995-இல்தான், அவ்விடத்திலே சிங்கப்பூர் அரசு நினைவுப் பலகை வைத்தது. வென்றவன் தன் படையாளுக்கு எண்ணையாவது எழுதினான். தோற்ற படையின் வீரனுக்கு இருந்த கல்லையும் பெயர்த்தான்!

இங்கே ஒரு குரல் எழும். வெள்ளைக்காரனுக்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டு செத்தவனுக்கு நாம் ஏன் கண்ணீர் விடவேண்டும் என்று கேட்பார்கள். நேர்மையான கேள்வி, நேர்மையாகவே விடை சொல்வோம். அந்தச் சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். ஊரிலே நிலமில்லாதவனுக்கு, தெருவிலே நடக்க உரிமையில்லாதவனுக்கு, அந்த 11 ரூபாயும் காலுக்கொரு பூட்சும் என்ன பொருள் தந்திருக்கும் என்பதை வயிறு நிறைந்தவன் அறியமாட்டான். போரை மூட்டியவன் அவன் அல்லன். போரினால் வாழ்ந்தவனும் அவன் அல்லன். அனுப்பியவன் குற்றத்தை மாண்டவன் தலையிலே சுமத்துவது நீதியா?

இன்னொரு குரல், இது போர் வெறியை வளர்க்காதா என்று கேட்கும். இல்லை என்பேன். போர் வெறியை வளர்ப்பது எண்தான்! முப்பதாயிரம் என்று சொன்னால் அது புள்ளிவிவரம். முப்பதாயிரம் பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள், இரவு முழுவதும் போதாது. பெயருக்குப் பின்னே தாய் வருவாள், தாரம் வருவாள், தகப்பன் முகம் அறியாத குழந்தை வரும். எண் போரை எளிதாக்கும். பெயர் போரை அரிதாக்கும்.

காலம் கடந்தும் பெயரை மீட்க முடியுமா? முடியும். 1968 பிப்ரவரி 7-இல் இமயத்து ரோத்தாங் பகுதியிலே 102 பேரோடு வீழ்ந்த விமானப்படை விமானத்திலிருந்து, 2024-இலும், 56 ஆண்டு கழித்து, நான்கு உடல்கள் மீட்கப்பட்டன. பெயர் கண்டறிந்து வீடு சேர்த்தார்கள். சியாச்சினிலே 1984-இல் பனிச்சரிவிலே புதைந்தவரின் உடல் 2022-இலே கிடைத்தபோது, அவரை அடையாளம் காட்டியது படை எண் பொறித்த சிறு வில்லை. அங்கே எண் என்ன செய்தது? ஒரு மனிதனின் பெயருக்கு வழிகாட்டிற்று. எண் எழுதியது குற்றமல்ல; எண்ணோடு நிறுத்தியதே குற்றம். 2019-இல் தில்லியிலே திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்திலே, விடுதலைக்குப் பின் மாண்ட 25,000-க்கும் மேற்பட்டோர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. குடியரசு செய்ததைப் பேரரசு செய்யவில்லை. ஆகவே, பேரரசு விட்டுச்சென்ற கடன் நம் கணக்கிலே நிற்கிறது.

லாகூர் அருங்காட்சியகத்திலே கிடந்த பழைய பதிவேடுகளிலிருந்து, முதல் உலகப் போருக்குச் சென்ற பஞ்சாபியர் ஏறத்தாழ 3,20,000 பேரின் விவரம், ஊர் வாரியாகக் கிடைத்தது. 2021-இலே அவற்றை மக்கள் பார்வைக்கு வைக்கும் பணி தொடங்கியது. பஞ்சாபுக்கு முடிந்தது சென்னைக்கு முடியாதா? எழும்பூரிலே நம் ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய மாகாணத்துக் கோப்புகளிலே சிப்பாய், கூலி, சமையற்காரன், மருத்துவமனைச் சுமையாள் என்று எந்தெந்தப் பெயர் இருக்கிறதோ அத்தனையும் தேடி எடுத்து, ஊர் வாரியாக, தமிழிலே அச்சிட்டு வெளியிட வேண்டும் என்று அரசைக் கேட்போம்.

அரசைக் கேட்டுவிட்டுக் கைகட்டி உட்காருவது தொண்டனுக்கு அழகல்ல. உங்கள் ஊரிலே அப்படிப்பட்ட சலவைக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்தால் துடைத்துப் படியுங்கள். களத்து மேட்டிலே, குளத்துப் படியிலே, துணி துவைக்கும் கல்லாக நடுகல் ஏதேனும் கிடந்தால், தூக்கி நிறுத்தித் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். முதியோரிடம் கேளுங்கள். பரணிலே பழைய பென்ஷன் காகிதம் இருக்கலாம். தகரப் பெட்டியிலே வெள்ளிப் பதக்கம் இருக்கலாம். அந்தப் பதக்கத்தின் முகத்திலே அரசனின் தலை இருக்கும், அதைப் பாராதீர்கள். விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். அங்கே, மிகச் சிறிய எழுத்திலே, சிப்பாயின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் வெட்டப்பட்டிருக்கும். பாஸ்ராச் சுவரிலே எழுத மறுத்த பெயர், பதக்கத்தின் விளிம்பிலே ஒளிந்துகொண்டிருக்கிறது! அடகுக் கடையிலே உருகிப் போகுமுன் அதைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் கிடைத்தால், ஊர்ப் படிப்பகத்திலே ஒரு பலகையிலே எழுதி மாட்டுங்கள். சாதிப் பட்டம் வேண்டாம். சேரி என்றும் ஊர் என்றும் இரண்டு பலகை வேண்டாம். குண்டு பிரித்துப் பார்க்கவில்லை. நாமும் பிரிக்க வேண்டாம். மாலை போடவில்லையே என்று வருந்த வேண்டாம். பெயரைப் பிழையின்றி எழுதினால் போதும்.

சீயமங்கலத்துப் பாறையிலே மன்னன் தன் பெயரைத் தானே வெட்டிக்கொண்டான். எளியவனுக்கு அந்த வசதி இல்லை. அவன் பெயரை எழுத ஊர் வேண்டும், உறவு வேண்டும், நன்றி வேண்டும். கோவிவனுக்குக் கல்லிலே இடம் தந்த மண்ணிலே பிறந்தவர்கள் நாம். கடல் கடந்து மாண்டவனைக் கணக்கிலே விட்டுவைக்கலாமா?

உளியை எடுங்கள், தோழர்களே. பெயரை எழுதுங்கள்!